இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுகிறீர்களா? மூன்று நாள் அளந்து பார்த்து இதயத்தையும் கவனிக்கும் முறை

இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதை நம்மில் பெரும்பாலோர் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆணாக இருந்தால் புராஸ்டேட் சுரப்பியின் மேலும், பெண்ணாக இருந்தால் பிள்ளைப்பேற்றின் மேலும், நீரிழிவு உள்ளவராக இருந்தால் சர்க்கரையின் மேலும் பழியைப் போட்டுவிட்டு, மாலையில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, அதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். இந்தக் காரணங்கள் எதுவும் பொய்யல்ல. ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளும்போது, தளர்ந்துவரும் இதயம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சு தடைபடுதல் ஆகிய மூன்றும் இதே அறிகுறியைத்தான் காட்டும் என்பது விடுபட்டுப் போகிறது. எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதைவிட, எழும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு சிறுநீர் வெளியேறுகிறது என்பதே காரணத்தை அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். அந்த அளவை ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு வீட்டிலேயே மூன்று நாளில் எடுத்துவிடலாம்.

அளக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள்

நெஞ்சை அழுத்தும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டுப் புத்தகத்துக்கு வேலையில்லை. சிங்கப்பூரில் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழைக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூடக் கழிக்க முடியாமல் அடிவயிறு வலித்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அந்த அளவுக்கு அவசரம் இல்லாவிட்டாலும், ஓரிரு நாளுக்குள் மருத்துவரைக் காண வேண்டிய நிலைகள் சில உண்டு. முன்பு ஒரு தலையணையில் உறங்கியவருக்கு இப்போது இரண்டு மூன்று தலையணைகள் தேவைப்படுவது, உறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, கணுக்கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுவது, இரண்டு மூன்று நாளில் உடல் எடை 2 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறுவது ஆகியவை இதயம் திணறுவதன் அடையாளங்களாக இருக்கக்கூடும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், தணியாத தாகத்தோடு எடை இறங்குதல் ஆகியவற்றுக்குக் காரணம் வேறாக இருந்தாலும் அவையும் காத்திருக்கக் கூடாதவையே. மூச்சு முட்டி எழுந்தவர், எழுந்த பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுப்பது இயல்பு. மறுநாள் காலையில் அவருக்கு நினைவில் நிற்பது கழிவறைக்குப் போனது மட்டுமே. ஆகவே, "எதற்காக விழித்தேன்?" என்று அந்த நேரத்திலேயே தம்மைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

இதயம் இதில் எங்கே வருகிறது?

பகல் முழுவதும் நின்றும் உட்கார்ந்தும் இருக்கும்போது, இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஒரு பங்கு கால்களின் திசுக்களில் கசிந்து தங்குகிறது. எல்லோருக்கும் சிறிதளவு தங்கும். இதயத்தின் உந்துவிசை குறைந்தவர்களுக்கும், கால் நாளங்களின் வால்வுகள் தளர்ந்தவர்களுக்கும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் அது அதிகமாகத் தங்கும். காலுறையின் விளிம்பு மாலையில் ஆழமான கோடாகப் பதிந்திருப்பதும், காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் இறுக்குவதும் அதைக் காட்டும். படுத்தவுடன் அந்த நீர் மீண்டும் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது. பகலில் தசைகளுக்கு இரத்தம் அனுப்புவதிலேயே களைத்து, சிறுநீரகங்களுக்குக் குறைவாகவே அனுப்ப முடிந்த இதயம், உடல் ஓய்ந்த பிறகு அவற்றுக்குத் தாராளமாக அனுப்புகிறது. பகலில் வெளியேறியிருக்க வேண்டிய நீர் இதனால் நள்ளிரவில் வெளியேறுகிறது. இதயச் செயலிழப்பு என்று மருத்துவர்கள் சொல்லும் நோயில் இரவுச் சிறுநீர் மிகுவதற்கு இதுவே முதல் காரணம். (இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அஞ்ச வேண்டாம், உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் சரிவர அனுப்ப முடியவில்லை என்பதே பொருள்.)

இதயம் இரத்தத்தை உந்துவதோடு ஹார்மோனையும் சுரக்கிறது. 1981இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்டும் அவருடைய குழுவினரும் எலிகளின் இதய மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளின் இரத்தத்தில் செலுத்தியபோது, அவை உப்பும் நீருமாக மிகுதியான சிறுநீரைக் கழித்தன. அந்தச் சாற்றிலிருந்த பொருள் பின்னர் ஏஎன்பி என்ற பெயரில் அறியப்பட்டது. மேலறையின் சுவர் இழுபட்டு விரியும்போது அது சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகங்களைத் தூண்டுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎன்பி என்னும் ஹார்மோன், இதயத்தின் கீழறைகள் சுமையால் இழுபடும்போது மிகுதியாகச் சுரக்கிறது. இதயச் செயலிழப்பைக் கண்டறிய இன்று மருத்துவர்கள் எடுக்கச் சொல்லும் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை அதனோடு தொடர்புடையது. இரவில் சிறுநீர் மிகுவதை, சுமை கூடிப்போன இதயம் அந்தச் சுமையை இறக்கப் பார்க்கும் முயற்சி என்று சில வேளைகளில் கொள்ளலாம். தண்ணீரை மட்டும் குறைத்து அதை அடக்க முயல்வது போதாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயிலும் இதே ஹார்மோன்தான் வேலை செய்கிறது. தொண்டை அடைபட்ட நிலையில் மார்பு காற்றை இழுக்க முயலும்போது, மார்புக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, இதயத்தின் வலப்பக்கத்துக்கு இரத்தம் அதிகமாக இழுக்கப்படுகிறது, மேலறை விரிகிறது, ஏஎன்பி சுரக்கிறது. உரத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திடீரென்று வாங்குதல், காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம் ஆகியவற்றோடு இரவில் பலமுறை எழுபவர் சிறுநீர்ப்பை மருந்தைத் தேடுமுன் உறக்கப் பரிசோதனையைப் பற்றிக் கேட்பது நல்லது. சீபேப் எனப்படும் காற்றழுத்தக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிய பலருக்கு இரவில் எழும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இந்த நோய் உயர் இரத்த அழுத்தத்தோடும், ஒழுங்கற்ற இதயத் துடிப்போடும், பக்கவாதத்தோடும் தொடர்புடையது என்பதால், குறட்டையை வீட்டாரின் தூக்கத்துக்கு இடையூறு என்ற அளவில் மட்டும் பார்க்கக் கூடாது.

இரத்த அழுத்தத்துக்கு வருவோம். நலமாக உள்ளவர்களுக்கு உறக்கத்தில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கும். சிலருக்கு இறங்குவதில்லை, உப்பை மிகுதியாக உண்பவர்களிடமும், சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடமும், உறக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களிடமும் இது அதிகம். பகலில் வெளியேற்ற முடியாத உப்பைச் சிறுநீரகங்கள் இரவில் உயர்ந்த அழுத்தத்தின் துணையோடு வெளியேற்றுகின்றன. உப்போடு நீரும் போகிறது. சிங்கப்பூரில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. மூவரில் ஒருவருக்கும் மேல் பாதிக்கும் ஒரு நோய் நம் குடும்பத்தில் இராது என்று எண்ண இடமில்லை.

இரவில் அடிக்கடி எழுபவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எழுவதால்தான் இதயம் கெடுகிறது என்று அவை நிறுவவில்லை. வயது, உடல் பருமன், நீரிழிவு போன்ற பொதுவான காரணங்கள் இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரக்கூடும். எனவே, இரவில் ஒருமுறை எழுந்ததற்காக இதய நோய் வந்துவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. அறுபதைக் கடந்தவர் ஒருமுறை எழுவது மிகச் சாதாரணம். இரண்டு முறையும் அதற்கு மேலும் எழுவது வழக்கமாகிவிட்டால், அல்லது சில வாரங்களில் எண்ணிக்கை திடீரென்று கூடினால், அளந்து பார்ப்பது தகும்.

மூன்று நாள் பதிவு

அளவுக்கோடுகள் போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கி, கழிவறையிலேயே வைத்து, வீட்டார் யாரும் சமையலறைக்கு எடுத்துச் சென்றுவிடாதபடி அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். தொடர்ந்து மூன்று நாள் அளப்பது சிறந்தது. வேலைக்குச் செல்பவர்கள் சனி, ஞாயிறோடு ஒரு விடுப்பு நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிட்டால் ஒரு முழு நாளையாவது விடுபடாமல் அளந்தால் ஓரளவு பயன்படும்.

காலையில் எழுந்து கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தையும் மில்லிலிட்டர் அளவையும் குறியுங்கள். படுக்கைக்குப் போன நேரத்தையும் காலையில் எழுந்த நேரத்தையும் தவறாமல் எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் மற்ற எண்கள் பாதிப் பயனையே தரும். இரவில் எழுந்தால், சிறுநீர் முட்டியதால் விழித்தீர்களா, மூச்சு முட்டியதாலா, கால் குடைந்ததாலா, வேறு எதனாலோ விழித்துவிட்டுப் பிறகு போனீர்களா என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும். குடித்ததையும் எழுத வேண்டும். தண்ணீர், தேநீர், கோப்பி மட்டுமன்றி ரசம், மோர், கஞ்சி, சூப் ஆகியவையும் அதில் சேரும். பயன்படுத்தும் தேநீர்க் கோப்பை எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்று முதல் நாளே அளந்து வைத்துக்கொண்டால் பிறகு கோப்பைகளை எண்ணினாலே போதும்.

காலை எழுந்து சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்து எழுதுங்கள். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால், 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் காலையில் இருமுறையும் மாலையில் இருமுறையும் பாருங்கள். வீட்டில் எடுக்கும் அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர்வு என்று கொள்ளப்படுகிறது. மாலையில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திக் குழி விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி செய்யும் பாதுகாவலருக்கும், துறைமுகத்திலோ கட்டுமானத் தளத்திலோ இரவு முறையில் வேலை செய்பவருக்கும் இரவு என்பது அவர்கள் உறங்கும் நேரமே. காலை 9 மணிக்குப் படுத்து மாலை 4 மணிக்கு எழுபவர் அந்த ஏழு மணி நேரத்தைத்தான் இரவாகக் கணக்கிட வேண்டும். நோன்பு மாதத்தில் அளக்காதீர்கள். அப்போது ஒரு நாளின் நீர் முழுவதும் சூரியன் மறைந்த பிறகே உள்ளே போவதால், இரவுச் சிறுநீர் கூடுவது இயற்கை. அந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

எண்களைப் படிப்பது

படுக்கைக்குப் போகுமுன் கழிப்பது பகல் கணக்கில் சேரும். படுத்த பிறகு கழித்தவை அனைத்தும், காலையில் எழுந்து கழிக்கும் முதல் சிறுநீரும் இரவுக் கணக்கில் சேரும். காலை முதல் சிறுநீர் இரவில் உருவானது என்பதால் அதை விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 68 வயதான ஒரு பாட்டி இரவு 11 மணிக்குப் படுத்து, 1:15க்கு 300 மில்லிலிட்டரும், 3:40க்கு 250 மில்லிலிட்டரும், 6:30க்கு எழுந்து 250 மில்லிலிட்டரும் கழித்திருக்கிறார் என்று கொள்வோம். இரவுக் கணக்கு 800. பகலில் கழித்தது 1,000 என்றால் 24 மணி நேரத்தின் மொத்தம் 1,800. மொத்தத்தில் இரவின் பங்கு சுமார் 44 விழுக்காடு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பங்கு 33 விழுக்காட்டைத் தாண்டினால் இரவில் சிறுநீர் மிகுதியாக உருவாகிறது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். இளம் வயதினருக்கு அந்த எல்லை 20 விழுக்காடு. இடைப்பட்ட வயதினருக்கு இவ்விரண்டுக்கும் நடுவில். பாட்டியின் சிறுநீர்ப்பை 300 மில்லிலிட்டரைத் தாங்குகிறது. ஆகவே குறை அதில் இல்லை. இதயம், இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சு, சிறுநீரகம், கால் வீக்கம், மாத்திரைகள், மாலையில் குடிப்பது ஆகியவற்றைத்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அதே வயதுடைய வேறொருவர் இரவில் நான்கு முறை எழுந்து, ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிலிட்டர் மட்டுமே கழித்து, மொத்தத்தில் இரவின் பங்கும் 33 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், கவனம் சிறுநீர்ப்பையின் பக்கம் திரும்ப வேண்டும்: ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றங்கள், அடக்க முடியாமல் சுருங்கும் சிறுநீர்ப்பை, தொற்று. அல்லது உறக்கமே மேலோட்டமாக இருந்து, விழித்ததால் போய்வருபவராகவும் இருக்கலாம்.

பகல், இரவு இரண்டும் மிகுந்து, 24 மணி நேரத்தின் மொத்தம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிலிட்டரைத் தாண்டினால், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிலிட்டருக்கு மேல் போனால், இரத்தச் சர்க்கரையை முதலில் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஒரு காரணமாகலாம். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்தே இருக்கும். புராஸ்டேட் வீங்கியவருக்கு இதயம் தளரக் கூடாது என்று விதி ஏதும் இல்லை.

உப்பு

வீட்டில் நாமே செய்துகொள்ளக்கூடியவற்றுள் உப்பைக் குறைப்பதையே நான் முதலிடத்தில் வைப்பேன், தண்ணீரைக் குறைப்பதை அல்ல. ஜப்பானின் நாகசாகியில் உப்பை மிகுதியாக உண்டு, இரவில் எழுந்துகொண்டிருந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2017இல் லண்டனில் நடந்த ஐரோப்பியச் சிறுநீரியல் மாநாட்டில் வைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு உப்பைக் குறைத்தவர்கள் இரவில் எழும் சராசரி 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. உப்பைக் கூட்டிக்கொண்டவர்கள் முன்பைவிட அதிகமாக எழுந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு கண்ட சராசரி 3,620 மில்லிகிராம் சோடியம், அதாவது சுமார் 9 கிராம் உப்பு.

நம் உணவில் இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சாம்பாரில் போடும் கல்லுப்பு அதன் ஒரு பகுதியே. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை ஒரே சாப்பாட்டில் சேர்ந்து வரும்போது, குழம்பில் உப்பைக் குறைத்த பயன் கரைந்துபோகிறது. உணவங்காடி நிலையத்தில் புரோட்டாவுக்குக் கேட்டு வாங்கும் கூடுதல் கறிக்குழம்பு, மீ சூப்பின் சாறு, மீ கோரெங்கில் சேரும் சாஸ்கள், இரவு பசித்தால் பிரித்துப் போடும் உடனடி நூடல்ஸின் மசாலாப் பொட்டலம் ஆகியவை மறைந்து நிற்கும் உப்பு. நூடல்ஸை உண்டு சாற்றை விட்டுவிடுவது, பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுவது, ஒரு வேளைக்கு ஊறுகாய் அல்லது அப்பளம் என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. குறிப்பாக இரவு உணவில் உப்பு குறைந்தால் படுக்கைக்குமுன் தாகமும் குறையும்.

கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பலருக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் லோசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

மாத்திரைகளும் வீட்டு மருந்துகளும்

உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் அவற்றின் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். நீர் மாத்திரை என்று நாம் சொல்லும் ஃப்ரூசமைடு சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும்; அதை மாலை தாமதமாக உட்கொள்பவர் இரவில் எழுவது வியப்பில்லை. சிலருக்கு மருத்துவர்கள் அதைப் பிற்பகலுக்கு மாற்றி, கால்களில் தேங்கிய நீரைப் படுக்கைக்கு முன்பே வெளியேற்றிவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கி, அதன் வழியே இரவுச் சிறுநீரைக் கூட்டும். நீரிழிவுக்கும் இதயச் செயலிழப்புக்கும் இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் சிறுநீர் கூடும். ஆனால் அவை இதயத்தைக் காப்பவை. இவற்றுள் எதையும் தாமாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இரவில் நிம்மதியாக உறங்குவதற்காக நீர் மாத்திரையை விட்டுவிட்டு, சில நாளில் நுரையீரலில் நீர் கோத்து அவசரப் பிரிவுக்கு வர நேரும் ஆபத்து உண்மையானது.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, தளர்ந்த இதயத்தை மேலும் சிரமப்படுத்தும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வலி மாத்திரைகளில் ஒன்றிலேயே சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கக்கூடும். இருமலுக்கென்று நாள்தோறும் அதிமதுரக் கசாயம் குடிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதிமதுரம் தொடர்ந்து உடலில் சேரும்போது நீரைத் தேக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். நாட்டு மருந்து என்பதால் பட்டியலில் எழுத வேண்டியதில்லை என்று விட்டுவிடக் கூடாது.

டெஸ்மோபிரெசின் என்ற மருந்து இரவில் சிறுநீர் உருவாவதைக் குறைக்கும். தெரிந்தவருக்கு அது பலன் தந்தது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடிய மருந்து அது அல்ல. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

கால்களும் தண்ணீரும்

பிற்பகலிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் கால்களை இதயத்தின் மட்டத்துக்கு உயர்த்திச் சாய்ந்திருந்தால், தேங்கிய நீரின் ஒரு பகுதி படுக்கைக்கு முன்பே வெளியேறும். மாலையில் புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பதும் கெண்டைக்கால் தசையின் அழுத்தத்தால் அதே பயனைத் தரும். படுத்தாலே மூச்சு வாங்குபவர்கள் கால்களை உயர்த்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அழுத்தக் காலுறைகளும் உதவும். ஆனால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாக நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு, அவை தீங்காகலாம் என்பதால் சோதித்த பிறகே அணிய வேண்டும்.

தண்ணீரைப் பகலில் குறைக்க வேண்டாம். சிங்கப்பூரின் வெயிலில் அது தலைச்சுற்றலையும் சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து குறைத்தால் போதும். இரவு உணவுக்குப் பிறகு காப்பிக் கடையில் நண்பர்களோடு குடிக்கும் தே தாரிக்கையும், மதுவையும் முதலில் விடலாம். இதயச் செயலிழப்புக்காக நாளுக்கு இவ்வளவுதான் நீர் என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே பொருந்தும்.

விழாமல் போய்வருவது

காரணத்தைத் தேடும் நாள்களிலும் இரவில் எழத்தான் வேண்டியிருக்கும். முதியவர்களுக்கு அந்த நடையில் உள்ள ஆபத்து இடுப்பெலும்பு முறிவு. விழித்தவுடன் எழுந்து நடக்காமல், கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை அசைத்த பிறகு எழ வேண்டும். புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின், டெராசோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் இது இன்னும் முக்கியம். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. நின்றபடி கழித்து முடிக்கும் தறுவாயில் மயங்கி விழுபவர்கள் உண்டு. கழிவறை வரையிலான வழியில் மங்கலான விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரியட்டும். தரையை இரவில் ஈரமாக விடாதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தவும் குளியலறைத் தரையை வழுக்காமல் செய்யவும் ஈஸ் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்; 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் வீடுகளுக்கு அதன் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது.

மருத்துவரிடம்

முதலில் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்கள் தாங்கள் பதிந்துகொண்ட மருத்துவரிடமே செல்லலாம். சாஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்குத் திட்டத்தில் பங்குபெறும் மருந்தகங்களில் கட்டணச் சலுகை உண்டு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்த வழியிருக்கிறது என்பதால், செலவை எண்ணித் தள்ளிப்போடுமுன் மருந்தக முகப்பில் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர் தமிழறியாதவராக இருக்கலாம். அம்மாவோ தாத்தாவோ இதைப் பேசக் கூச்சப்படலாம். மகனோடு வந்த தாய் மகனுக்கு முன்னால் வாய் திறக்காமலே திரும்பிவிடலாம். மூன்று நாள் எண்கள் எழுதிய தாள் இந்தத் தடைகள் அனைத்தையும் கடந்து பேசும். உடன் செல்பவர் தாளை நீட்டி, இரவில் எத்தனை முறை, மொத்தத்தில் இரவின் பங்கு எவ்வளவு, எத்தனை தலையணை, கால் வீக்கம் உண்டா, குறட்டை உண்டா என்ற ஐந்தையும் சொன்னால், பரிசோதனைக்கு ஒதுக்கிய சிறிது நேரத்திலேயே மருத்துவர் சரியான பக்கம் திரும்ப முடியும்.

இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகச் செயற்பாடு, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். இதயத்தின் மேல் ஐயம் இருந்தால் இதயத் துடிப்பைப் பதியும் இசிஜியும், என்டி-புரோபிஎன்பி பரிசோதனையும், ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் தேவையா என்று கேளுங்கள். திடீரென்று நெஞ்சு படபடத்து, அதற்குப் பின் தெளிந்த நீராகச் சிறுநீர் மிகுதியாகப் போகும் அனுபவம் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்; இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வேளைகளில் மேலறை விரிந்து ஏஎன்பி சுரப்பதால் அப்படி நேரலாம். வந்துபோகும் படபடப்பைச் சாதாரண இசிஜி தவறவிடக்கூடும் என்பதால், ஒரு நாள் முழுவதும் அணியும் கருவியை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

மாற்றம் எதுவானாலும், உப்பைக் குறைத்ததோ, மாத்திரை நேரம் மாறியதோ, சீபேப் தொடங்கியதோ, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அதே குவளையால் மீண்டும் மூன்று நாள் அளந்து, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவின் பங்கு இறங்கியும் எழும் எண்ணிக்கை இறங்காவிட்டால், சிறுநீர்ப்பையிலோ உறக்கத்திலோ இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது என்று பொருள். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்குச் செல்லுங்கள்.